பொத்தான் சட்டைக்காரர்

மல்வேர்ன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வருகிறார்கள்.

"அந்தப் படத்தைக் கழட்டினால்தான் நான் அங்க குடி போவன்," என்றார் மூத்தவர்.

"அது வீட்டுக்காரன்ர பூட்டன் அக்கா. நூறு வருசத்துப் படம்."

"ஆமிக்காரன். ரெண்டு வரிசைப் பொத்தான், அகலப் பெல்ட், தொப்பி."

"இல்லை, நெருப்பணைக்கிறவர். கையில துவக்கே இருந்தது? புனல் மாதிரிக் குழல். நெருப்புச் சத்தத்துக்குள்ள அதாலதான் கத்திச் சொல்லுவினமாம்."

"ஆர் சொன்னது?"

"வீட்டுக்காரன்தான்."

"அவன் வேற என்னத்தைச் சொல்லுவான்?"

இளையவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"கொழும்பில எங்கட கடை எரியேக்கை யூனிபோர்ம் போட்டவை நிண்டு பாத்தவை. அணைக்கிறதுக்கும் ஒரு யூனிபோர்ம் இருக்கெண்டு எனக்கெப்பிடியடி தெரியும்?"