வேற கை பட்ட வண்டி

— அண்ணாச்சி, பொய் சொல்லாதிய. இந்த வண்டியில வேற எவனோ கை வச்சிருக்கான்.

— அட என்னுங்க சுடலை, வந்ததும் வராததுமா! ஆயில் மாத்த வந்தேனுங்க. அதைப் பாருங்களே.

— அதத்தான பாக்கேன். இந்தா, தொட்டுப் பாருங்க, தண்ணி மாதிரி ஓடுது. போன தடவ நான் ஊத்துனது கெட்டி ஆயிலு. இருவது வருசத்து வண்டிக்கு அதத்தான் ஊத்தணும்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன்?

— சூட்டுல எளகியிருக்குமுங்க.

— யாருகிட்ட? ஆயிலு எளகுனதுக்கும் ஆளு மாறுனதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாக்கும்? பில்டரும் நான் மாட்டுனதில்ல. மாட்டுனா மேல வெள்ளப் பெயிண்டுல தேதி போடுவேன். தேடித் தேடிப் பாக்கேன், ஒண்ணையும் காணோம். பக்கத்துல ரோஸ் கலர் பனியன் வேஸ்ட்டு வேற சொருவிக் கெடக்கு. வெள்ள வேஸ்ட்டத் தவிர வேற துணிய நான் தொட்டதே கெடையாது.

— திருப்பூருல ரோஸ் வேஸ்ட்டுக்குப் பஞ்சமுங்களா? என்ற கம்பெனியிலயே மூட்டை மூட்டையாக் கெடக்குது.

— பேச்ச மாத்தாதிய. தாராபுரம் ரோட்டுல அந்த ரத்தினசாமி ஏசி போட்டு, உக்கார சோபா போட்டுக் கடை தொறந்திருக்கானே, அங்கதான போனிய?

— அந்தக் கடைப் பக்கமே போகலீங்க, சத்தியமா.

— பதினெட்டு வருசம் அண்ணாச்சி! உங்க மக தேஜஸ்ரீ கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய இந்த ஜென் காருலதான கூட்டிட்டு வந்திய? முந்தின நாளு பூரா வண்டிக்குக் கீழ கெடந்தது யாரு? அவனா? வயிறு எரியுது எனக்கு. மறைக்க மாட்டேன்.

— கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். வண்டி முன்னைக்கு இப்ப நல்லாத்தான் ஓடுது. காலையில கெளப்புனா டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருமே, அது இல்லீங்க.

— ஓகோ! அவன் வைத்தியம் பலிச்சிட்டோ? அப்ப அவங்கிட்டயே போங்க. ஏட்டி கருத்தம்மா! சாவிய எடுத்து அண்ணாச்சி கையில கொடு. இனிமே இந்த வண்டி நம்ம வாசல்ல நிக்கப்படாது.

— நான் தர மாட்டேன். அண்ணாச்சி, சொல்லிருங்க.

— வாணாம் அம்மிணி. நீதான சொல்லாதீங்கன்ன?

— கட்டுன மனுசன் பதினெட்டு வருசத்தத் தூக்கி எறியுதாரு. சொல்லுங்க.

— இல்லீங்க சுடலை... போன தடவ நீங்க வேலைய முடிச்சுக் குடுத்தீங்க, நான் கெளம்புனேனுங்களா? அவிநாசிபாளையம் தாண்டல, ஆயில் லைட்டு எரிஞ்சுருச்சு. எறங்கிப் பாத்தா ரோடு நெடுக எண்ணெய்க் கோடு. கடைக்குப் போன் போட்டேன். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. அம்மிணிதான் எடுத்துச்சு.

— அடி போல்ட்ட நீங்க முறுக்கவே இல்ல. புது பில்டரு டப்பாவோட பெஞ்சு மேல கெடந்துச்சு. பழசயே திரும்ப மாட்டி விட்டிருக்கிய. டிவிஎஸ்ஸ எடுத்துட்டுப் போயி, ரோட்டோரத்துல படுத்து நான்தான் எல்லாத்தையும் மாத்துனேன். வண்டிப் புஸ்தகத்துல எந்த ஆயிலு போட்டிருந்துச்சோ அத ஊத்துனேன். துணி அண்ணாச்சி டிக்கியில கெடந்தது.

— நீயா? ஒனக்கு எவன்டி சொல்லிக் கொடுத்தான்?

— கல்யாணம் ஆன நாள்ல இருந்து பக்கத்துல நின்னு ஸ்பானரு எடுத்துத் தாரேன். எவன் வந்து சொல்லிக் கொடுக்கணும்?

— சுடலை, அம்மிணிய வையாதீங்க. அன்னிக்கு அது வரலீனா என்ற இஞ்சினே போயிருக்குமுங்க.

— நான் எங்க அண்ணாச்சி வைதேன்? தப்புதான். ஆனா எந்த மெக்கானிக்குக்கும் ஒரு நாளு கை தவறத்தான் செய்யும். என்னட்டி? இந்த ஒரு வண்டிதான?

— கண்ணுல பொர விழுந்து எட்டு மாசமாச்சு. ஆபரேசனுக்கு வாங்கன்னா மல்லுக்கு நிக்கிய. நீங்க கை கழுவப் போனதும் ஒவ்வொரு வண்டிக்கும் அடியில படுத்து, போல்ட்டத் தொட்டுப் பாத்துத்தான் வெளிய விடுதேன். அன்னிக்கு மட்டும் ரேசன் கடையில மாட்டிக்கிட்டு, அண்ணாச்சி கெளம்புன பொறவுதான் வந்தேன். இந்த எட்டு மாசத்துல உங்க கை மட்டும் பட்டு நம்ம கடைய விட்டுப் போன வண்டி இது ஒண்ணுதாங்க.