அத்திம்பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி

தம்ளரில் ஊற்றிய மெழுகு ஆறும்போது நடுவில் குழி விழும். யார் ஊற்றினாலும் விழும். அதற்காக மனம் தளரக் கூடாது. ஓரம் முதலில் இறுகுகிறது, நடு கடைசியில் இறுகுகிறது, இறுகும்போது சுருங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். திரியைச் சுற்றி ஊசியால் குத்திவிட்டு, கொஞ்சம் உருக்கின மெழுகை மேலே விட்டால் சமமாகிவிடும். இதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். ஆகையால் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன், இன்ஸ்பெக்டர்வாள். நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

"மெழுவு கதையெல்லாம் அப்பறம் சாமி, வந்த காரியத்தச் சொல்லுங்க" என்கிறீர்கள். வந்த காரியமே மெழுகுதான்.

என் பெயர் ஸௌந்தரராஜன். சின்ன காஞ்சீபுரத்தில் வீடு. ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். நேற்று சாயங்காலம் கைத்தொழில் கண்காட்சிப் பந்தலில், கலெக்டர் துரை முன்னிலையில், என் அத்திம்பேர் வக்கீல் தேவராஜனுடைய இரண்டு புருவங்களும், சரிகைத் தலைப்பாகையின் முன்பக்கமும் எரிந்து போயின. என் அக்கா ஜெயலக்ஷ்மியின் அகத்துக்காரர் அவர். ஊரில் இதை விபத்து என்கிறார்கள். அவர் வேறொன்று சொல்கிறார். இரண்டும் பொய். அதைச் செய்தது நான்.

இப்படி ஒரே வாக்கியத்தில் சொன்னால் ஏதோ கோபத்தில் செய்ததுபோல் ஆகிவிடுகிறது. எனக்குக் கோபமே வராது. அதனால் முறையாகச் சொல்கிறேன்.

மண்ணெண்ணெய் விளக்கின் நாற்றம் எனக்கு ஆகாது. பட்டணத்திலிருந்து மெழுகுக் கட்டி வரவழைத்து, உருக்கி, மரிக்கொழுந்துத் தைலம் கலந்து, தம்ளரில் ஊற்றித் திரி நட்டுப் பார்த்தேன். லேசில் வசப்படவில்லை. மெழுகு கொதிக்கும்போதே தைலத்தை விட்டால் வாசனை முழுவதும் அடுக்களைக்குப் போய்விடுகிறது, மெழுகுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ரொம்ப ஆறவிட்டு விட்டால் தைலம் கலக்காமல் மேலே வேர்த்து நிற்கிறது. கண்ணாடி குளிர்ந்திருந்தால் மெழுகு அதை ஒட்டாமல் விலகிக்கொண்டு, வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் காட்டுகிறது. தம்ளரை வெயிலில் வைத்து எடுத்தபிறகு ஊற்றினால் ஒட்டுகிறது. திரி மெலிசாக இருந்தால் நடுவில் மட்டும் கிணறு தோண்டிக்கொண்டு இறங்கி, தன் மெழுகிலேயே முழுகிச் செத்துப்போகிறது. இவை எல்லாவற்றையும் பொறுமையாகச் சரிசெய்தேன். ஒரு நாள் அந்திப் பொழுதில், குழியில்லாமல், வேர்வையில்லாமல், விளிம்புவரை ஒரே சீராக உருகி, கூடம் முழுக்க மரிக்கொழுந்து மணக்க ஒரு தம்ளர் எரிந்தது. அன்றைக்கென்று அத்திம்பேர் வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நெடுநாளாக ராவ் சாகிப் ஆகப் போகிறவர். இன்னும் ஆகாததை அந்தப் பட்டத்தின் குறையாகவே கருதி வருகிறார். அவர் தலைமை வகிக்காத கூட்டம் இந்த ஊரில் நடந்ததில்லை. கூட்டமே வராமல் அவர் தலைமை வகித்தது உண்டு. கத்தரிக்காய் விலை கேட்கும்போதுகூட, "கனம் கோர்ட்டார் கவனிக்க வேண்டியது" என்று ஆரம்பிக்கிற குரல்.

"என்ன ஓய் ஸௌந்தரம், தம்ளர்லே வெண்ணெயைக் கொளுத்திண்டிருக்கீர்?" என்றார். பிறகு மோந்து பார்த்தார். முகம் மாறியது. "பேஷ். ஆனா இதென்ன, பருத்தித் திரி? காஞ்சீபுரத்துலே இருந்துண்டு பருத்தியா? பட்டு போடும் ஓய், பட்டு."

பட்டு எரியாது, தீயும் என்று சொன்னேன். வக்கீலுக்கு மறுவார்த்தை கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர்களிடம் கழிவுப் பட்டு நூல் வாங்கி அவரே முறுக்கிக்கொண்டு வந்தார். ஏற்றினோம். மயிர் பொசுங்குகிற நாற்றம் எடுத்துத் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ரமாமணி மாமி உள்ளே எட்டிப் பார்த்து, "யாராத்துலே யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "ஆராய்ச்சி நடக்கறது" என்றார் அத்திம்பேர். பட்டுத் திரியோடு இந்த மெழுகுவர்த்தியில் அவருடைய பங்கு முடிந்தது. இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

அந்த வாரம் அது "ஸௌந்தரத்தின் மெழுகுவர்த்தி". அடுத்த வாரம் "நம்ம மெழுகுவர்த்தி". அப்புறம் "நான் பண்ணின மெழுகுவர்த்தி" ஆயிற்று. கடைசியில் அதற்குத் "தேவராஜ ஜோதி" என்று பெயர் வைத்து, கண்காட்சியில் கலெக்டர் துரை கையால் ஏற்றி வைப்பதென்று ஏற்பாடாகிவிட்டது. பட்டத்துக்குச் சிபாரிசு செய்ய வேண்டியவர் அந்தத் துரைதான் என்று அக்கா சொன்னாள். "என் பெயர் எங்காவது வருமா, அத்திம்பேர்?" என்று கேட்டேன். "நீர் எதுக்கு ஓய் சிரமப்படணும்? பக்கத்துலே நின்னுண்டு நெருப்புப் பெட்டி எடுத்துக் குடுத்தாப் போறும்" என்றார்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. விவரம் விட்டுப்போகக் கூடாதே என்றுதான் சொன்னேன்.

இதற்கு நடுவில் மெழுகில் புதிதாக ஒரு குறை தென்பட்டது. அதைக் கண்டுபிடித்தவள் என் அகத்துக்காரி அம்ருதவல்லி. ஒரு சாயங்காலம் தம்ளர் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கச் சொன்னேன். "வாயாலே ஊதுவாளா யாராவது? ஆத்துக்கு ஆகாது. ஒரு சொட்டுப் பால் விட்டு மலையேத்தணும்" என்றாள். நம்மவர்கள் வீட்டில் எல்லாம் அதுதானே வழக்கம். எண்ணெய் விளக்கில் யாரும் எண்ணெய்க்குள் பாலை விடுவதில்லை, திரிமுனையில் தொட்டு வைப்பார்கள். தம்ளரில் முனை எது, உருகின மெழுகு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. உத்தரணியால் பாலை விட்டாள். சுர்ரென்று ஒரு சத்தம். சுடர் அவள் முகவாய்வரை எழும்பிப் பார்த்துவிட்டு இறங்கியது.

மெழுகைவிடப் பால் கனம். அடியில் போகிறது. அங்கே இருக்கிற சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகி, மேலே இருக்கிற மெழுகைத் தூக்கி எறிகிறது. எறிந்த மெழுகைச் சுடர் பிடித்துக்கொள்கிறது. ஐந்தாம் பாரத்துப் பையன்களுக்குக்கூட விளங்கும்.

சாதாரண மனிதன், "இனிமேல் இதில் பால் விடாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். எனக்கு அப்படிப் பழக்கம் இல்லை. ஒரு குறையின் காரணத்தையும் அளவையும் அறியாமல் அதைத் திருத்துவது சாஸ்திர முறை ஆகாது. ஆகையால் அடுத்த தடவை கொஞ்சம் அகலமான பாத்திரத்தில் ஊற்றி, திரியைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டு, நன்றாக உருகும்வரை காத்திருந்து, அம்ருதவல்லியைக் கூப்பிட்டு மலையேற்றச் சொன்னேன். நான் தூணுக்குப் பின்னால் நின்று கவனித்தேன்.

வலது புருவம்தான். முளைத்துக்கொண்டிருக்கிறது. அதுவரை மை தீட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேச வேண்டியதை எல்லாம் அந்தத் தூணைப் பார்த்துப் பேசுகிறாள். ஆனால், பால் விடுகிறவருடைய முகம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் பிடிபட்டது. அந்த வகையில் அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கண்காட்சிக்குப் பெரிதாக வேண்டும் என்றார் அத்திம்பேர். "துரை ஏத்தறார், தம்ளரா வெக்கறது? பாத்தா பிரமிக்கணும் ஓய்." சரி என்றேன். கல்யாணச் சமையலுக்கு எடுக்கிற அகன்ற உருளியில் ஊற்றினேன். நடுவில் திரிகளைக் கொத்தாக நட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக மெழுகு ஊற்றியதில்லை. குழி இல்லை, திட்டு இல்லை, மேலே ஒரு துளி வேர்வை இல்லை. எல்லாக் குறையையும் நீக்கியிருந்தேன். ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொண்டேன்.

நேற்று துரை ஏற்றினார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்திம்பேர் பேச எழுந்தார். கைத்தொழிலின் மேன்மை, சக்கரவர்த்தியின் கருணை, தேவராஜ ஜோதியை உண்டாக்கத் தாம் கண் விழித்துப் பட்ட பாடு என்று போய்க்கொண்டே இருந்தது. துரைசாணி கொட்டாவியை விசிறியால் மறைத்துக்கொண்டாள். அந்தப் பேச்சு முடிவதற்குள் உருளி முழுவதும் உருகித் தளதளவென்று ஆகிவிட்டது. அவர் சுருக்கமாகப் பேசியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அந்த அளவுக்கு அவரும் உடந்தை.

பேச்சு முடிந்ததும் துரைசாணி தங்கள் தேச வழக்கப்படி ஊதி அணைக்க எழுந்தாள். அத்திம்பேர் கையை உயர்த்தித் தடுத்தார். தடுப்பார் என்று எனக்குத் தெரியும். சுடரை ஊதக் கூடாது என்பதைப் பற்றி அவர் சபையில் பிரசங்கம் செய்து கேட்டிருக்கிறேன். "அம்மணி, நாங்கள் ஜோதியை ஊதுவதில்லை, பாலால் குளிர்விக்கிறோம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளிக் கிண்ணத்தில் பால் இருந்தது. அதை வைத்தது நான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துரைசாணியின் நாற்காலியை முன்கூட்டியே நன்றாகத் தள்ளிப் போட்டிருந்தேன். அக்காவைப் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தேன். எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதற்கு இவற்றைச் சாட்சியமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொட்டு விட்டிருந்தால் போதும். துரை பார்க்கிறாரே என்று கிண்ணத்தோடு கவிழ்த்தார். அதுவும், எல்லோருக்கும் தம் பக்தி தெரியட்டும் என்று தலையைத் தாழ்த்திக்கொண்டு.

பந்தலின் தோரணம்வரை போயிற்று. என் கணக்கைவிடக் கொஞ்சம் அதிகந்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். தலைப்பாகை பற்றிக்கொண்டது. கலெக்டர் துரை நல்ல மனிதர். பக்கத்திலிருந்த பானகக் குடத்தைத் தாமே தூக்கி அத்திம்பேர் தலையில் கொட்டினார். புகை அடங்கிற்று. அந்த நிமிஷத்துக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். "இது என்ன?" என்று துரை கேட்பார், அத்திம்பேர் விழிப்பார், "இவனைக் கேளுங்கள், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று என்னைக் காட்டுவார். நான் முன்னால் வந்து, ஆரம்பத்திலிருந்து அடக்கமாக விளக்கத் தயாராக இருந்தேன். கரும்பலகைகூடப் பந்தலுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

அத்திம்பேர் கண்ணிலிருந்த பானகத்தை வழித்துவிட்டு, புருவம் இல்லாத முகத்தைத் துரை பக்கம் திருப்பி, "இதுதான் அக்கினி புஷ்பம். தேவராஜ ஜோதியின் கடைசி அங்கம். அடியேனுடைய சொந்தக் கற்பனை" என்றார்.

துரை கை தட்டினார். ஊரே தட்டிற்று. துரைசாணி, "இன்னொரு முறை" என்றாள். தம் தேகத்தையே பணயம் வைத்துக் கைத்தொழிலை வளர்க்கும் இப்படி ஒருவரைத் தாம் பார்த்ததில்லை என்று துரை சொன்னதைத் தாசில்தார் தமிழில் பெயர்த்துச் சொன்னார். சிபாரிசு நிச்சயம் என்று ஊரெல்லாம் பேச்சு.

இன்று காலையில் அக்கா வந்தாள். "நீதானேடா?" என்றாள். ஆமாம் என்றேன். உடனே ஒத்துக்கொண்டேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் அழவில்லை. "எங்க ஆத்துக்காரர் நெத்தியிலே திருமண்ணை எங்கே ஆரம்பிக்கறதுன்னு தெரியாம கண்ணாடி முன்னாலே உக்காந்திண்டிருக்கார். போறது, மயிர் முளைக்கும். வெளியிலே மூச்சு விடாதேடா. பட்டம் வர்ற சமயம்" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டபிறகு சும்மா இருப்பது நியாயமாகப் படவில்லை. நேராக இங்கே வந்தேன்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். "இன்னா சாமி இது? வக்கீலய்யா, நானே செஞ்சேன்றாரு. நீங்க, இல்ல நான்றீங்க. கன்னம் வெச்சுத் திருடின கேசுல ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேன்றான். இங்க குத்தத்துக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கினு இருக்கீங்க, புகார் குடுக்க ஒருத்தனும் காணோம். ஊட்டுக்குப் போய் மோர் சாப்டுட்டுப் படுங்க" என்று சிரிக்கிறீர்கள்.

சிரிக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் முனிரத்தினம். பால் ஏன் அடியில் போகிறது என்று அத்திம்பேரைக் கேட்டுப் பாருங்கள். கருணை, சக்கரவர்த்தி என்று ஆரம்பிப்பார். திரியை ஏன் கொத்தாக நட வேண்டும், உருளி ஏன் அகலமாக இருக்க வேண்டும், நாற்காலியை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும், ஒன்றுக்கும் அவரிடம் பதில் இருக்காது. இத்தனையும் யோசித்துச் செய்த ஒருவன் இருக்கும்போது, புருவத்தைக் கொடுத்தவருக்குப் பெயர் கிடைப்பது எந்தச் சட்டத்தில் சேர்த்தி? பொறாமையால் சொல்லவில்லை. வீண்பெருமை பிடித்தவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது, அவ்வளவுதான். வேண்டுமென்றே, திட்டம் போட்டு, முகத்தைக் குறிவைத்துச் செய்தேன். அப்படியே எழுதி, கீழே என் பெயரைப் போடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

சந்தேகம் இருந்தால் கோர்ட்டில் அதே உருளியை ஏற்றி வைக்கிறேன். மாஜிஸ்ட்ரேட் தம் கையாலேயே பாலை விடட்டும். கொஞ்சம் குனிந்து விடச் சொல்லுங்கள். எட்ட இருந்து பார்க்கிறவர்களுக்கு வேலையின் நேர்த்தி தெரிவதில்லை.