எண் எழுதாத விரிசல்

கான்கிரீட்டில் விரிசல் விழுவதைப் பார்த்து நீங்கள் பதற வேண்டாம். எல்லாக் கான்கிரீட்டிலும் விழும். உள்ளே இருக்கும் கம்பி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விரிசல் எங்கே தொடங்கும், எந்தப் பக்கம் ஓடும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு.

ஐவிந்த் நல்ல மனிதன். ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்தில் எங்கள் சோதனைக்கூடத்தில் உத்திரங்களை நிஜமாகவே உடைத்துப் பார்ப்பது அவன் வேலை. கணினிக்காரர்களை மதிக்க மாட்டான், அவ்வளவுதான். மதியம் எல்லோரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குவான்.

"ஹல்வோர், உன் விரிசல் பாண்டி ஆடுற பிள்ளை மாதிரி கட்டம் கட்டமாத் தாண்டி ஓடுதேப்பா. நீ போட்ட கட்டம் கான்கிரீட்டுக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. உத்திரத்தைக் கணினியில் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறோம். பெரிய கட்டத்துக்கு ஒரு விடை, பொடிக்கட்டத்துக்கு வேறு விடை வரும். பழைய பாலத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ஓர் உத்திரத்துக்கு இரண்டும் போட்டேன். நடுவில் தொய்ந்து, முனகி, நிதானமாக உடையும் என்றது பெரிய கட்டம். நாற்பத்தொரு டன்னில், ஓரமாக, சாய்வாக, சொல்லாமல் கொள்ளாமல் ஒரே வெட்டு என்றது பொடிக்கட்டம். பொடிக்கட்டம்தான் சரி என்று எனக்குத் தெரியும்.

சோதனையன்று ஐவிந்த் கேட்டான். "சொல்லிட்டுத்தானே உடையும்?"

"சொல்லிட்டுத்தான் உடையும்" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் சோதனையை நிறுத்தியிருப்பான். அப்புறம் என் கணக்கை யார் நம்புவார்கள்?

எங்களிடம் ஒரு வழக்கம். சுமையைக் கூட்டி நிறுத்தியதும், ஒருவர் உத்திரத்தின் அடியில் போய், விரிசல்மேல் மார்க்கர் பேனாவால் கோடிழுத்து, அந்தச் சுமையைப் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதுவது ஐவிந்த். சுமை ஏற்றும் திருகு என் கையில். முப்பத்தெட்டு எழுத அவன் உள்ளே குனிந்தபோது சுமைமானியின் ஒயரைக் கழற்றினேன். அதற்குமேல் எதுவும் பதிவாகக் கூடாது.

"பிடிச்சு வெச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன். பதறாம எழுது."

திருகிக்கொண்டேதான் சொன்னேன். ஆமாம், கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

வெட்டு ஓரமாக, சாய்வாகத்தான் விழுந்தது. எவ்வளவு அழகான கோடு தெரியுமா? பக்கத்தில் எண் மட்டும் இல்லை. வேலை அரைகுறையாகக் கிடப்பது எனக்குப் பிடிக்காது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஐவிந்தின் கையிலிருந்து பேனாவை எடுத்து நாற்பத்தொன்று என்று எழுதினேன். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள்.

மானியே ஓடாதபோது நாற்பத்தொன்று என்று எப்படித் தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதுதான் சொல்கிறேனே, கணக்கில் வந்தது.