வெள்ளைத் தோல் போர்த்திய கற்கள்

ஆமாம், கற்களைச் சாலையில் வைத்தது நான்தான். சம்பத் அண்ணன் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார்கள் போலீஸ் ஸ்டேஷனில். என் பெயர் தேவிகா, வயது இருபத்தாறு, தகப்பனார் பெயர் பரந்தாமன், சொந்த ஊர் திமிரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன்.

நேற்று முன்தினம் விடியற்காலை, ஷூவின் உட்புறத்தில் வைத்துத் தைக்கும் வெள்ளைத் தோல்களைக் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு, டிரைவர் சம்பத்தும் நானும் ஓசூர் பக்கத்து யூனிட்டுக்குப் புறப்பட்டோம். நாட்றம்பள்ளி தாண்டியதும் மார்கழிப் பனி சாலையை மூடியிருந்தது. ஒரு வளைவில் சம்பத் ஸ்டியரிங்கைத் திருப்பினார். அது சும்மா சுற்றியது; சக்கரம் திரும்பவில்லை. "கையில ஒண்ணும் இல்லம்மா, கெட்டியா புடிச்சிக்கோ," என்றார். கத்தவில்லை. பிரேக்கை விட்டு விட்டு மிதித்து நிறுத்தினார். வேன் முன்பாதி மண்ணிலும் பின்பாதி சாலையிலுமாக நின்றது. எனக்கு நெற்றியில் சிறு வீக்கம். வேறு காயமில்லை.

அதன் பிறகு, பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரிவதற்காக ஓரத்தில் கிடந்த கற்களைத் தூக்கி வந்து சாலையில் வைத்தேன். வண்டி நின்றுபோனால் எல்லோரும் செய்வதுதான். கருங்கல், பனியில் நாலடி தள்ளி வந்தால் தெரியவில்லை. அதன் பிறகு வேனிலிருந்து தோல்களை எடுத்து ஒவ்வொரு கல்லின்மேலும் போர்த்தினேன். தெரிந்தது. "ஷூவுக்குள்ள போறது ரோட்டுல குந்திகினு இருக்குது பாரு," என்று சம்பத் சிரித்தார். வந்த லாரிகள் விலகிப் போயின.

அதன் பிறகு மாற்று வேன் வந்தது, சரக்கை மாற்றினோம். அதன் பிறகு கிரேன் வந்து பழுதான வேனை இழுத்துச் சென்றது. அதில் ஏறும்போது சம்பத், "ரோட்ட கிளியர் பண்ணிட்டு வாம்மா," என்றார். சரி என்றேன்.

எங்கள் வேலையில் தோல் எண்ணிக்கைப்படி வெளியே போகும், எண்ணிக்கைப்படி போய்ச் சேர வேண்டும். ஸ்டோர் பார்க்கும் தபஸ்ஸும் அக்கா போனில், "ஒரு பீஸ் கம்மியானாலும் பேஜாராய்டும்டி," என்றிருந்தார். கல் கல்லாகப் போய்த் தோலை எடுத்தேன். ஈரம் நின்றால் வெள்ளையில் கறை விழும், துப்பட்டாவால் துடைத்தேன். எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. வேலை முடிந்தது என்று மனம் எடுத்துக்கொண்டது. மாற்று வேனில் ஏறினேன்.

கற்கள் அங்கேயே இருந்தன. பனியும்.

அதன் பிறகு அவ்வழியே லுங்கிக் கட்டுகளோடு பைக்கில் வந்த குடியாத்தம் பரணிதரன் என்பவர் கல்லில் மோதி விழுந்தார் என்றும், இன்னும் கண் திறக்கவில்லை என்றும், அந்த வளைவுக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்ன வண்டி நம்பரை வைத்துச் சம்பத்தை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்விட்டார்கள் என்றும் நேற்று கம்பெனியில் கேள்விப்பட்டேன். ஸ்டியரிங் இல்லாத வண்டியிலிருந்து என்னை உயிரோடு இறக்கியவர் அவர்.

தோலை எடுக்கக் குனிந்தேன். கல் என் கைக்குக் கீழேயே இருந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னது, நடந்தது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) ப. தேவிகா

கையெழுத்துப் போட்ட பிறகு, பரணிதரனைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.