ஏழு வண்டி தாண்டியவள்

வைக்கோலில் ஈரம் ஏறினால் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஏட்டையா. பன்னிரண்டு வருஷம் சர்க்கஸில் வைக்கோல் போர் போட்டவன் சொல்கிறேன்.

மலையம்மாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீமையில் பனிமலையில் சறுக்கிப் பாய்கிறார்கள் என்று எங்கள் முதலாளி ஏதோ படத்தில் பார்த்துவிட்டு, நாற்பதடிச் சாரம் கட்டி, சறுக்குப் பலகைக்கு விளக்கெண்ணெய் பூசச் சொன்னார். அவள் காலில் இரண்டு தேக்குப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு சறுக்கி வருவாள். நுனியில் எழும்பி, வரிசையாய் நிற்கும் மாட்டு வண்டிகளைத் தாண்டி என் வைக்கோலில் விழுவாள். தேனியில் மூன்று வண்டி. கம்பத்தில் ஐந்து. உத்தமபாளையத்தில் ஏழு. அவள் தாண்டிய வண்டிக்கு அச்சு முறியாது என்று ஒரு பேச்சு கிளம்பி, சம்சாரிகள் தங்கள் வண்டியை வரிசையில் நிறுத்த அடித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு அவள் பெயரை வைத்தார்கள்.

அத்தனை கூட்டத்திலும் அவள் முதலில் பார்ப்பது என்னைத்தான். போருக்குள் புதைந்து கிடப்பவளைக் கைகொடுத்துத் தூக்குவது என் வேலை. ஒரு நாளைக்கு ஒரு தடவை. மற்ற நேரத்தில் என்னோடு பேச ஆளில்லை.

அனுமந்தன்பட்டி ஆட்டத்தன்று காலையில் சொன்னாள்: "கோட்டைச்சாமியண்ணே, பம்பாய்க் கம்பெனியில கூப்பிட்டிருக்காக. அங்கன வைக்கோலே கிடையாதாம், வலை கட்டிருவாகளாம்."

"அப்ப இந்த வைக்கோலை நான் என்ன ஆத்தா செய்ய?"

"மாட்டுக்குப் போடுங்க" என்று சிரித்தாள். அதில் குற்றமில்லை. எல்லோரிடமும் அப்படித்தான் சிரிப்பாள்.

ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் போரைப் பிரித்து, உதறி, மெத்துமெத்தென்று அடுக்க வேண்டும். அன்று உதறவில்லை. எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றி, தரைபோல இறுக மிதித்தேன். மேலே காய்ந்ததைத் தூவினேன். ஒரு கால் முறியும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். இடுப்புக்குக் கீழே எல்லாமே போய்விட்டது. கைகொடுத்தேன். அவள் பிடிக்கவில்லை; தன் கையில் ஒட்டியிருந்த ஈர வைக்கோலையே பார்த்தாள்.

அவளுக்குச் சொந்தமென்று யாருமில்லை. சர்க்கஸ் அடுத்த ஊருக்குப் போனது. ராயப்பன்பட்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்து வீட்டில் அவளை வைத்துக்கொண்டேன். முதல் மாதம் பழமும் பூவுமாக ஜனங்கள் வந்தார்கள். கிணற்றடியிலேயே நிறுத்தி, "யாரையும் பாக்கப் பிரியமில்லங்குது" என்று அனுப்பிவிட்டேன். அவள் உள்ளேயிருந்து கூப்பிடுவாள். தண்ணீர் இறைக்கும் கமலை கிறீச்சிடும் சத்தத்தில் அது கேட்காது. பிறகு யாரும் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு வேளைக் கஞ்சிகூடத் தவறியதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை தூக்கி உட்காரவைத்தேன்.

நேற்று நான் சந்தைக்குப் போயிருந்தபோது வண்டிப்பாதைவரை தவழ்ந்திருக்கிறாள். அந்த வழியாக வந்த பலவேசம் வண்டியை நிறுத்தியிருக்கிறான். அவள் தாண்டிய ஏழில் அவன் வண்டியும் ஒன்று. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம்.

அவள் உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அரை மைல், முள்ளும் சரளையும். முழங்கை இரண்டும் பிய்ந்திருக்கின்றன. போக வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே தூக்கிக்கொண்டு போய் விட்டிருக்க மாட்டேனா?