பொய்ச்சினை

கம்பளி நூலை வெட்டும்போது கத்தரிக்கோலை நேராகப் பிடிக்கக் கூடாது. சற்றுச் சாய்த்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். அப்போதுதான் இழைகள் தாமாக விரிந்து, தூண்டில் முள்ளின் மேல் உருண்டையாக உட்காரும். இரண்டாவது வெட்டு வெட்டினால் உருண்டை சப்பையாகிவிடும். நீங்கள் மேசை மேல் வைத்திருக்கிறீர்களே ஐயா, அதில் அழகாக இருப்பது என் தங்கை மங்கை கட்டியது. சப்பையாக இருப்பது அங்கம்மா கட்டியது. பார்த்தாலே தெரியும்.

இதை ஏன் கட்டுகிறோம் என்று கேட்டீர்கள். கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகை வில்மட் துரையுடையது. அவருடைய தம்பி கனடாவில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கிறாராம். அந்த ஊரில் ஸ்டீல்ஹெட் என்று ஒரு மீன். நம் கொடுவா போலக் கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வருமாம். மற்ற மீன்கள் ஆற்றில் சினை விடும் காலத்தில் பின்னாலேயே வந்து, உருண்டு வரும் முட்டைகளைத் தின்னுமாம். அதனால் முட்டை மாதிரியே ஒன்றைக் கம்பளியில் கட்டி முள்ளை உள்ளே மறைத்துவிடுகிறார்கள். துரை அதை 'பிளை' என்பார். ஈ என்று அர்த்தமாம். முட்டைக்கு ஈ என்று பெயர் வைத்த கதையை நினைத்து நாங்கள் சிரிப்போம். எங்களுக்குள் அதன் பெயர் பொய்ச்சினை.

காசிமேட்டுப் பெண்களைத் துரை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் எங்கள் விரல்கள். வலை பின்னிய விரலுக்கு முடிச்சு சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வலை பின்னியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் நூலை வாயில் வைத்து எச்சில் படுத்துவோம். ஈர நூல் பிசிறாது, முடிச்சும் நகராது. துரைக்கு அது பிடிக்காது. சாயம் வயிற்றுக்கு ஆகாது என்று ஆளுக்கொரு கிண்ணத்தில் தண்ணீரும் துணியும் வைத்துக் கொடுத்தார். எல்லோரும் மாறிக்கொண்டோம். மங்கையால் மட்டும் முடியவில்லை. கிண்ணம் பக்கத்தில் இருக்கும், நூல் வாய்க்குப் போய்விடும்.

மேஸ்திரி ஞானதுரை தலையில் அடித்துக்கொள்வார். "அது நூலு பொண்ணே, முறுக்கு இல்லே. ஏன் இப்படி மென்னுக்கினு கீறே?"

"புருசன் மல்லாட்டை வாங்கியாறதுக்குள்ள பசி தாங்கல மேஸ்திரி, அதான்," என்பாள் அங்கம்மா, அவளுக்குப் பதிலாக. கொட்டகையே சிரிக்கும். மங்கையும் நூலை வாயிலிருந்து எடுக்காமலே சிரிப்பாள்.

மங்கையை நான் வளர்த்தேன். அம்மா அவளைப் பெற்ற கையோடு போய்விட்டாள். நான் கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போனேன். என் புருஷன் கட்டுமரத்தோடு கடலில் போன பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

பரசுராமனை அவளுக்கு முடித்துவைத்ததும் நான்தான். துறைமுகத்தில் பாரம் தூக்கும் இயந்திரத்தில் வேலை. கொட்டகை விடும் நேரத்துக்கு வாசலில் மல்லாட்டைப் பொட்டலத்தோடு நிற்பான், கொடுக்கத் தைரியம் இல்லாமல் தானே கடலையைத் தின்றுவிட்டுப் போவான். ஒரு மாதம் பார்த்துவிட்டு நானே போய்ப் பேசினேன். ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். அவன் உடனே சரி என்றான். நல்லவன் ஐயா. நீங்கள் அவனை லாக்கப்பில் வைத்திருப்பது தப்பு. அதைச் சொல்லத்தான் நானே நடந்து வந்தேன். வேறொருவன் கையால் மங்கை போனாள் என்று நீங்கள் எழுதிவிட்டால் என் மனசு ஆறாது.

மங்கைக்குக் கெங்கம்மா பிறந்த பிறகு ரங்கூன் பேச்சு வந்தது. பரசுராமனின் அக்கா கன்னியம்மா அங்கே இருக்கிறாள். துறைமுகத்தில் அவனுக்கு நிரந்தர வேலை ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினாள். மங்கைக்குக் கண்ணெல்லாம் ரங்கூன்தான். அங்கே வீடெல்லாம் மரத்தால் கட்டியிருக்குமாம், பெண்கள் சுருட்டுப் பிடிப்பார்களாம் என்று கொட்டகை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னையும் கூப்பிட்டாள். அதை மறைக்க மாட்டேன்.

"யக்கா, நீயும் வந்துடு. நீ இல்லாம அங்க எனக்கு ஆரு கீறாங்க?"

"கன்னியம்மா கீறாளே," என்றேன்.

"அவ அந்த வூட்டு எசமானி. நீ எனக்கு அம்மா."

யோசித்துப் பார்த்தேன். கன்னியம்மா வீட்டு அடுப்பங்கரையில் அவளைக் கேட்டுவிட்டு உப்புப் போடும் இடத்தில் நான் இருப்பேன். மங்கை அவளை அண்ணி அண்ணி என்று சுற்றிவருவாள். எனக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். மங்கை இரண்டு நாள் அழுதாள். பிறகு மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

கப்பலடியில் டாக்டர் சோதனை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணை இழுத்துப் பார்ப்பார். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் குப்பத்திலேயே சிலர் அப்படித் திரும்பி வந்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. கொஞ்ச நாள் படுத்துவிட்டு எழுந்து போய் மீன் விற்றார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

துரையிடம் பறவைத் தோல்கள் இருக்கின்றன. இறகு வைத்துக் கட்டும் தூண்டில்களுக்கு அதிலிருந்து பிய்த்துக் கொடுப்போம். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தத் தோல்களின் உட்புறம் ஒரு வெள்ளைப் பொடி தடவுவார்கள். பாஷாணம்தான். துரை அதை ஒரு தகர டப்பாவில் பூட்டி வைத்து, சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். கொட்டகையில் வாயைக் குறைவாகத் திறப்பவள் நான் என்பதால் என்னிடம் நம்பிக்கை.

காலையில் எல்லோருக்கும் நூல் கண்டு எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. கப்பல் நாள் நெருங்கியதும் மங்கையின் கண்டை மட்டும் முந்தின நாளே தனியாக எடுத்து வைத்தேன். கம்பளியை முள்ளோடு கட்டுவது பட்டு நூல், அது பொடியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் முழுக்க அவளுக்கு எதிரில் உட்கார்ந்து நானும் கட்டினேன். அவள் நூலை வாயில் வைப்பதைப் பார்த்தேன். ஞானதுரை அந்தப் பக்கம் வந்தபோது, "வாயில வைக்காதேன்னு எத்தினி தபா சொல்றது," என்றார். "அவ கேக்கமாட்டா மேஸ்திரி, உட்ருங்க," என்று நான்தான் சொன்னேன்.

கப்பல் நாளன்று டாக்டர் மங்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார். பரசுராமனை மட்டும் போகச் சொன்னேன், அவளைப் பிறகு அனுப்பிவைக்கிறேன் என்றேன். அவன் மூட்டையைத் தலையிலிருந்து இறக்காமலே, "இவ இல்லாம நான் மட்டும் போயி இன்னா பண்ணப்போறேன்க்கா," என்று வீட்டுக்குத் திரும்பி நடந்தான். அவன் அப்படிச் செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவன் போயிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

அதன் பிறகு வந்த நாட்களை நான் எப்படிச் சொல்வது? மங்கை என் மடியில் படுத்துக்கொள்வாள். புழுங்கலரிசிக் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுப்பேன். தலை வாரிவிடுவேன், சின்ன வயதில் செய்தது போல. அவள் கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். "நீ இல்லாங்காட்டி நான் செத்தே போயிருப்பேன் யக்கா," என்றாள் ஒருநாள். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கொஞ்சம் தேறி எழுந்து உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும் அல்லவா? வந்தது. கூடவே வீடு காலியாகிவிட்ட மாதிரியும் இருந்தது. அப்போதெல்லாம் நானே இரண்டு கண்டு நூலை வீட்டுக்குக் கொண்டு வந்து, பொழுது போகட்டும், படுத்தபடியே கட்டு என்று கொடுத்தேன்.

மங்கைக்கு உள்ளங்கை தடித்துப் போயிற்று. முடி கொட்டியது. பிள்ளை பெற்ற உடம்பு, பச்சை உடம்பு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பரசுராமன் வைத்தியரைக் கூட்டிவந்தான். அவர் கொடுத்த கஷாயத்தை வேளை தவறாமல் நானே கொடுத்தேன். அதில் நான் எதையும் கலக்கவில்லை. வைத்தியர் மருந்தில் கைவைக்கிற ஆள் இல்லை நான்.

அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் ஒருநாள் சந்தையிலிருந்து வந்து கதவைத் தள்ளியபோது, மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள். பரசுராமன் எதிரில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அடுத்த கப்பலுக்கு டாக்டர் முன்னால் தடுமாறாமல் நடந்து காட்ட வேண்டுமாம். அதற்குத்தான் பழக்கம்.

"தேறிட்டது தெரியக் கூடாதுன்னுதான் கஞ்சிய நான் தெனிக்கும் பாதி குடிச்சேன்," என்றாள் அவனிடம். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. "அக்காவுக்கு நான் படுத்துக்கினே இர்க்கணும். பாவம், அதுக்கு வேற ஆரு கீறா? ஆனா நமக்கும் ஒரு பொழப்பு கீதுல்லே?"

அவள் என்னைத் திட்டவில்லை ஐயா. பாவம் என்றுதான் சொன்னாள். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் செய்துகொண்டு உள்ளே வந்தேன். அவளுக்குப் பிடித்த சுறாப் புட்டு செய்தேன். மறுநாள் கொட்டகைக்கு வருகிறேன், உடம்பில் தெம்பு இருக்கிறதா பார்க்கிறேன் என்றாள். வா என்றேன்.

மறுநாள் அவளுக்குக் கொடுக்கும் கண்டில் பொடியை நான் விரலால் அழுத்தித் தேய்த்தேன். உடம்பு பழகிவிட்டிருக்கும், முன்பு போட்ட அளவு போதாது என்று கணக்குப் போட்டேன். கணக்குத் தப்பிவிட்டது. அளவு தப்புவது எந்த வேலையிலும் உண்டு. கொட்டகைக்கு வந்து கட்டினாள், அதற்கு அடுத்த நாள் பொழுது விடிந்த கொஞ்ச நேரத்தில் என் மடியில்தான் போனாள். கடைசி வரை தண்ணீர் கேட்டாள். நான்தான் கொடுத்தேன். காலரா என்று எல்லோரும் சொன்னார்கள். அவசரமாகப் புதைத்துவிட்டோம்.

இங்கேதான் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கிறீர்கள். அவள் மேல் எனக்குக் கோபம் என்று எழுதச் சொல்கிறீர்கள். கோபம் இல்லை. அவள் போனதில் இந்த ஊரிலேயே அதிகம் அழுதவள் நான். பரசுராமனைக் கேளுங்கள், சொல்வான். அவன் என் காலைப் பிடித்து அழுதான். என் அக்காவும் நீதான், மாமியாரும் நீதான் என்றான்.

அப்படிச் சொன்னவன், கருமாதி முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரங்கூன் போகிறேன் என்கிறான். இந்த வீட்டில் எந்த மூலையைப் பார்த்தாலும் மங்கை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறதாம். கன்னியம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வாளாம். பல் முளைக்கிற குழந்தை ஐயா. அதன் அழுகை எதற்கென்று எனக்குத்தான் தெரியும். கன்னியம்மாவுக்கு என்ன தெரியும்?

கண்ணேறு படாமல் இருக்கக் குழந்தையின் மணிக்கட்டில் கயிறு கட்டுவது எங்கள் வழக்கம். மந்திரித்தது என்று சொல்லிச் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றை நான் கட்டினேன். பல் முளைக்கும் பிள்ளைக்குக் கை எந்நேரமும் வாயில்தான். இந்தத் தடவை மிகவும் கவனமாக இருந்தேன். பொடியைத் தொட்ட விரலை உதறிவிட்டுத்தான் நூலைத் தொட்டேன்.

வாந்தியோடு குழந்தையைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கயிற்றை அறுத்து எடுத்து உங்களிடம் கொடுத்தார். தாயும் போய்ப் பிள்ளையும் படுத்துவிட்டது, புருஷன்தான் வேறு கல்யாணத்துக்காகச் செய்திருப்பான் என்று நீங்கள் பரசுராமனைப் பிடித்தீர்கள். அவனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டப்பாச் சாவி இதோ. மங்கை நூலிலும் நான்தான் வைத்தேன், கெங்கம்மா கயிற்றிலும் நான்தான் வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பரசுராமனை இன்றைக்கே விட்டுவிடுவீர்களா? நாளை மறுநாள் கப்பல் இருக்கிறது. குழந்தை பிழைத்துவிட்டது, பால் குடிக்கிறது என்று நர்சம்மா சொன்னார். ஆனால் இன்னும் வாந்தி நிற்கவில்லையாம். அப்படியிருந்தால் டாக்டர் அதைக் கப்பலில் ஏற்ற மாட்டார் அல்லவா, ஐயா? நான் வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குக் கொஞ்சம் கஞ்சி காய்ச்சி எடுத்துவந்துவிடுகிறேன்.