மேகம் மூடிய வாரத்துச் சூரியன்

சூரியனைப் படமெடுக்கக் காலை வெயிலே நல்லது மேடம். பொழுது ஏறினால் தகரக் கூரைகளிலிருந்து கிளம்பும் சூடு காற்றை ஆட்டிவிடும். சூரியனின் விளிம்பு கொதிக்கிற பால் மாதிரித் தளும்பும். அதனால் காபி குடித்த கையோடு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். கீழே என் பிரிண்டிங் யூனிட்டில் பனியன் துணிக்கு இங்க் குழைக்கிற வாசனை வருவதற்குள் படம் முடிந்திருக்கும். மங்கலம் ரோட்டில் என்னைச் ‘சூரியன் குகன்’ என்றுதான் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றும். மச்சம் மாதிரி தெரிந்தாலும் சில நம் பூமியைவிடப் பெரியவை. இந்த ஒன்றிரண்டு வருடங்களாக அங்கே கொந்தளிப்பு அதிகம், புள்ளிகளும் அதிகம். அவை தினமும் கொஞ்சம் நகர்ந்து மறுபக்கம் போய்விடும். ஒரு நாள்கூட விடாமல் படமெடுத்து வரிசையாக வைத்தால் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியும். விடாமல் என்பதில்தான் பெருமையே. கோவையில் வானம் பார்க்கிறவர்கள் நடத்தும் கண்காட்சியில் என் வரிசைக்கு ஒரு முழுச் சுவரையே தருவதாகச் சொன்னார்கள். என் பெயரையும் பெரிதாக எழுதுவதாகச் சொன்னார்கள்.

ஐப்பசியில் ஒரு வாரம் மேகம் விலகவே இல்லை. விட்டுப்போன நாட்களுக்குப் பழைய படங்களை எடுத்தேன். கம்ப்யூட்டரில் புள்ளிகளை வெட்டி, தலைகீழாகத் திருப்பி, இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். அதை ஏமாற்று என்று சொல்லாதீர்கள். மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருக்கத்தானே செய்தது. என் மனைவி சத்யப்பிரியா உட்பட யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முனீஸுக்குத் தெரிந்துவிட்டது. அவன் என் யூனிட்டில் கலர் மேட்சிங் பார்ப்பவன்; கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மனைவி நாகஜோதியோடு வந்தவன். சாம்பிள் துணியின் நிறத்துக்கு இங்க் சேர்ப்பதும், அச்சடித்த துணியில் ஒரு பூ எங்கே மறுபடி வருகிறது, ஒட்டுமிடம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவன் வேலை. நாளெல்லாம் அதையே தேடுகிற கண். படங்களை யூனிட் சுவரில் ஒட்டி நான் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது டீ கிளாஸோடு வந்து நின்றான்.

“அண்ணாச்சி, இது ரிப்பீட்டுல்லா? அந்த மச்சத்தைத்தான தலைகீழா இங்க போட்டிருக்கு?”

“அப்படியா கண்ணு? எனக்கு ஒண்ணுந் தெரியலியே.”

“நல்லாப் பாருங்க. அங்க வச்சு யாராவது சொல்லிட்டா அசிங்கமாப் போயிரும். எடுத்துருங்க அண்ணாச்சி.”

என் நல்லதுக்குத்தான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்காட்சிக்கு நாகஜோதியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். அந்தச் சுவரின் முன்னால் அவன் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நினைக்கும்போதெல்லாம் அவன் வாயைத் திறந்தான்.

எங்கள் தொழிலில் டிசைனைக் கருப்பு மையில் பிலிமில் எடுப்போம். மருந்து பூசிய ஸ்கிரீன்மேல் அதை வைத்து வெளிச்சம் காட்டினால், கருப்பு இருக்கும் இடத்தில் வெளிச்சம் இறங்காது. பிரிண்டிங்கில் இருக்கிற யாரும் அந்தக் கருப்பைச் சந்தேகப்பட மாட்டார்கள். கிரகணம் வந்தால் எங்கள் ரோட்டில் பாதிப் பேர் வீணான பிலிமைக் கண்ணில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் போய்த் திட்டிப் பிடுங்கிப் போடுவேன். அந்த மை வெளிச்சத்தைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத சூட்டை விட்டுவிடும். உள்ளே வெந்தாலும் வலிக்காது. பார்க்க இதமாக இருப்பதால் ஆள் கண்ணை எடுக்கவும் மாட்டான்.

மறுநாள் காலை முனீஸை மாடிக்குக் கூப்பிட்டேன். தொலைநோக்கியின் முன்னால் எப்போதும் மாட்டுகிற பாதுகாப்புத் தகட்டைக் கழற்றிவிட்டுப் பிலிமைக் கட்டியிருந்தேன். அவன் அதைத் தொட்டுப் பார்த்தான்.

“நம்ம பிலிமுல்லா? இதுல பாக்கக் கூடாதுன்னு கிரகணத்தன்னைக்கு ஏசுனியளே?”

“அது ஒத்தைப் பிலிம் கண்ணு. இது ரெண்டு மடிப்பு. பயப்படாமப் பாரு.”

பார்த்தான். சூரியன் நகர நகர நான் தொலைநோக்கியை மெல்லத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தில் சின்னதாக ஒன்று இருக்கும், விடாமல் பார் என்றேன். அப்புறம் மறு கண்ணையும் வைக்கச் சொன்னேன். கண்காட்சி முடியும்வரை அவன் கண் கொஞ்சம் மங்கினால் போதும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மறு கண் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் எந்த வேலையையும் பாதியில் விடுகிறவன் இல்லை.

சாயங்காலம் நீலத்தையும் பச்சையையும் மாற்றிக் குழைத்துவிட்டு வந்து நின்றான். “எங்க பாத்தாலும் நடுவுல ஒரு மச்சம் நிக்கி அண்ணாச்சி” என்றான். கண் ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்டபோது முனீஸே முந்திக்கொண்டான். “அண்ணாச்சி மேல தப்பில்ல சார். ஆசையில நாந்தான் ரொம்ப நேரம் பாத்துட்டேன்.” போன பார்வை இனித் திரும்பாது என்றார் டாக்டர். நாகஜோதி வராந்தாவில் என் காலில் விழுந்து, வேலையை விட்டு எடுத்துராதிய என்று அழுதாள். நான் எடுக்கவில்லை. துணி மடிக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவன் வெள்ளந்தியாக அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் யூனிட் நடுவில் நின்று கேட்டாள்: “தெனமும் நீங்கதான மொதல்ல பாப்பிய? அன்னைக்கு மட்டும் ஏன் பாக்கல?” வேலை நேரம், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டேன். அதனால்தான் அவள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள்.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம். பிலிமைக் கட்டியது நான். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கட்டினேன். ஆனால் என் படங்களில் குறை என்று யாராவது சொன்னால் அதை மட்டும் எழுதாதீர்கள். கண்காட்சிக்கு முனீஸைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அந்தச் சுவரின் முன்னால் நிறுத்தினேன். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் நின்றான். “ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி” என்றான். முனீஸே பார்த்துச் சொல்லிவிட்டான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.